பனிச்சங்காய்ச் சாயமும் இருபத்தொரு புள்ளியும்

"முகத்தைக் காணவில்லை" என்று லப்டொப் இங்கிலீசில் சொன்னதும் எங்கள் வீட்டில் முதலில் கோபப்பட்டது அம்மாதான். மருமகள் பாவம், கதிரையை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து இழுத்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். 2021 ஆம் ஆண்டு. கொரோனா. பள்ளிக்கூடம் பூட்டு, பஸ் ஓட்டமில்லை, மட்டக்களப்புப் பக்கத்து எங்கள் பனிச்சங்கேணிப் பாலத்தில் மாடுகள் மட்டும் தாராளமாகப் போய்வந்த காலம். தூர தேசத்து நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தபடியே சோதனை எழுதி எங்கள் பாடநெறிக்குச் சேரலாம் என்று அறிவித்திருந்தது. எழுதலாம்தான். ஆனால் பிள்ளை களவு செய்கிறாளா என்று கமரா பார்த்துக்கொண்டே இருக்கும். திரையில் முட்டை மாதிரி ஒரு வட்டம் வந்தது. அதற்குள் முகத்தை வைக்கச் சொன்னது. வைத்தாள். காணவில்லை என்றது.

"என்ன மனே இது? புள்ள குத்துக்கல்லு மாதிரி முன்னுக்கு இரிக்கி, காணல்லயாமா? கண்ணாசுபத்திரிக்கு இப்ப ஆரைக் கொண்டுபோறது, இவளையா, அதையா?"

வெளிச்சம் போதாதாம் என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பகல் பதினொரு மணிக்கு, பனிச்சங்கேணியில, வெளிச்சம் காணாதாமா?"

நியாயமான கேள்வி. கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் எங்கள் களப்பைப் பத்து நிமிடம் பார்த்தால் மனிதனுக்கே கண் கூசும். பிள்ளையின் முகத்துக்குப் பவுடர் அப்பினோம். சரஸ்வதி பூசைக்கு நாடகம் ஆட வெளிக்கிட்டவள் மாதிரி ஆனாளே தவிர, எந்திரம் மசியவில்லை. கடைசியில் தம்பி இறாலுக்குப் போகும்போது கொண்டுபோகிற பற்றரி லைட்டை எடுத்துவந்து முகத்துக்கு நேரே பிடித்தான். இப்போது "ஒளி அதிகம்" என்றது. அம்மா உள்ளே போய்த் தன் வெள்ளைச் சீலையொன்றை எடுத்துவந்து லைட்டுக்கு முன்னால் இரண்டு மடிப்பாகப் பிடித்தார். எந்திரத்துக்குக் கண் திறந்தது. பச்சைக் கோடு விழுந்தது. அவ்வளவுதான், இனி அசையக்கூடாது. வேறொரு ஆளின் தலை தெரிந்தால் சோதனை ரத்து. இரண்டு மணித்தியாலம் அம்மா சுவரோடு பல்லியாக ஒட்டி, சீலையைப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். எழுபத்தெட்டு வயது. கலிங்கத்துப் போரில்கூட யாரும் இப்படி நின்றதாகத் தெரியவில்லை.

பிறகுதான் தெரிந்தது, இந்த லைட்டடிப்பு வேலை ஆம்ஸ்டர்டாமிலும் நடந்திருக்கிறது. ரொபின் போகோர்னி என்ற கறுப்பின மாணவி, அங்குள்ள வ்ரியே பல்கலைக்கழகத்துக்காக 2020 இல் வீட்டிலிருந்து பரீட்சை எழுதியபோது, கண்காணிப்பு மென்பொருள் முகத்தைக் காணாமல், முகத்துக்கு நேரே விளக்கொன்றை எரியவிட்டு எழுதவேண்டியதாயிற்று. அவர் சும்மா விடவில்லை. நெதர்லாந்தின் மனித உரிமை நிறுவனத்துக்குப் போனார். 2023 ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. மென்பொருள் பாகுபாடு காட்டியதாக நிரூபணமாகவில்லை, ஆனால் பல்கலைக்கழகம் அவருடைய முறைப்பாட்டைக் கையாண்ட விதம் பிழை என்றார்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பும் இப்படித்தான். மாடு பயிரை மேய்ந்ததற்குச் சாட்சி இல்லை, ஆனால் மாட்டுக்காரன் கதைத்த கதை சரியில்லை.

முகம் பார்க்கும் எந்திரங்களின் இந்தக் கண்நோய்க்கு 2018 இலேயே வைத்தியச் சீட்டு எழுதியாயிற்று. ஜோய் புவலம்வினி, டிம்னிற் கெப்ரு என்ற இரண்டு பெண்கள், பெரிய கம்பனிகளின் மென்பொருட்களுக்கு முகங்களைக் காட்டி ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். வெள்ளைத்தோல் ஆண்களில் 0.8 வீதம்தான் பிழை விட்டது. கறுத்த பெண்களில் மோசமான மென்பொருள் 34.7 வீதம் பிழைத்தது. மூன்று பெண்களில் ஒருத்தியை அம்போ என்று விட்டுவிடுகிற கண். இதை அம்மாவிடம் சொன்னேன். "உங்கட அப்பப்பா மீனுக்குச் செஞ்ச வேலையை ஆரோ எங்களுக்குச் செய்யிறான்" என்றார்.

அது என்ன வேலை என்று சொல்லவேண்டும். பனிச்சை மரம் நின்ற கேணிதான் பனிச்சங்கேணி. பனிச்சங்காய் சாப்பிட உதவாது, கடித்தால் நாக்கு பலகையாகிவிடும். ஆனால் அதன் துவர்தான் பழைய மீனவனின் முதல். நைலோன் வருவதற்கு முன் வலை எல்லாம் பருத்தி நூல். உப்புத் தண்ணீரில் கிடந்து கிடந்து உக்கிப் போய்விடும். அதனால் பிஞ்சுக் காயை உரலில் இடித்து, மிடாவில் ஊறப்போட்டு, நாலைந்து நாள் புளிக்கவிட்டு, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்து மணலில் காயவிடுவார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும். அப்பப்பா சாயம் தோய்க்கிற கிழமையில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் ஒழுங்கையோடு திரும்பிப் போன கதையும் உண்டு. காய்ந்ததும் வலை கறுத்து, இறுகி, களப்பின் சேற்றுநிறத்துக்கு வந்துவிடும். வெள்ளை வலையென்றால் மீன் தூரத்திலேயே கண்டு திரும்பும். சாயம் போட்ட வலையைக் காணாது. கறுப்பைக் காணாத கண் உள்ளவன் கடைசியில் யாருடைய சட்டியில் கிடப்பான் என்பது மீனுக்குத் தெரியாமல் போனது. ஆம்ஸ்டர்டாமுக்கும் யாராவது சொல்லிவைத்தால் நல்லது.

எந்திரங்களுக்கு எங்கள் முகம் எப்போதுமே தெரியாமல் இருந்தது என்று நினைக்கவேண்டாம். ஒரு காலத்தில் தேவைக்கு மேலேயே தெரிந்தது. 1883 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து பவுல் சராசின், ஃபிரிட்ஸ் சராசின் என்று இரண்டு பணக்கார உறவுக்காரர் இலங்கைக்கு வந்து இறங்கினார்கள். தீவின் பழங்குடிகளான வேடர்களை ஆராய்வது நோக்கம். மண்டையை அளந்தார்கள், மூக்கை அளந்தார்கள், தோலின் நிறத்தைக் குறித்தார்கள், படம் பிடித்தார்கள். உயிரோடு இருந்தவர்களை அளந்து ஆசை தீராமல், செத்தவர்களின் எலும்பையும் எடுத்துக் கட்டி பாசலுக்குக் கொண்டுபோனார்கள். 1892, 93 இல் தடித்த புத்தகமும் போட்டார்கள். மனிதகுலத்தின் ஏணியில் வேடர் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று அதில் கண்டுபிடித்தார்கள். ஏணியின் உச்சிப்படியில் யார் நின்றார்கள் என்று கேட்கத் தேவையில்லை. ஏணியைச் செய்தவன்தான்.

எங்கள் வாகரைப் பக்கம் கரையோர வேடர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்தான் பேசுகிறார்கள், எங்களைப் போல வலைதான் வீசுகிறார்கள். 1911 இல் சார்ள்ஸ், பிரெண்டா செலிக்மன் தம்பதி எழுதிய வேடர் புத்தகத்தில் இவர்களுக்கும் இடம் உண்டு. ஆராய்ச்சிக்காரர்கள் வரும்போது மட்டும் இவர்களின் முகம் எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வாங்கு ஒதுக்கும்போது மங்கிவிடும். அந்த மங்கலுக்கு வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியாது. மணலில் விரலால் அரிவரி எழுதிய நாட்களில், மணல் யாரையும் தள்ளிவைக்கவில்லை. யார் எந்த மணலில் குந்தலாம் என்று சொன்ன வாத்தியார் நம்முடைய ஆள்தான்.

பிறகு படகேறி வந்தது பள்ளிக்கூடம். 1814 இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்ற் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்ற் மத்திய கல்லூரியின் தொடக்கம் அது. மனிதர் அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். பள்ளிக்கூடம் இருநூறு ஆண்டைத் தாண்டி நிற்கிறது. கட்டியவன் போய்க் கட்டியது நிலைக்கிற கதை எங்கள் பக்கம் அபூர்வம். சாதாரணமாகக் கட்டியவன் இருப்பான், கொந்தராத்துக் கட்டடம் போய்விடும்.

1880 இலிருந்து கேம்பிரிட்ஜ் பரீட்சை. இதுதான் இலங்கைக்கு வந்த முதல் தூரக்கல்வித் தொழில்நுட்பம் என்பேன். வினாத்தாள் கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் போகும், திருத்துகிற மனிதர் மட்டக்களப்பு எந்தத் திசையில் என்று அறியாதவர். காற்றைப் பார்த்துக் காலம் சொல்கிற சனம் நாங்கள். கச்சான் அடித்தால் வெயில், வாடை திரும்பினால் மழை. அந்தச் சனத்தின் பிள்ளை வருடத்துக்கு நாலு பருவம், அதில் ஒன்றில் இலை உதிர்ந்து பனி விழும் என்று மனப்பாடம் செய்து எழுதவேண்டும். இங்கே வருடம் முழுவதும் உதிர்கிறது தென்னோலை மட்டும். ஆனாலும் காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம் என்ற பையன் அந்தப் பரீட்சையையும் ஊதித் தள்ளினான். சுவாமி விபுலாநந்தராகித் திரும்பிவந்து, 1929 இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தையும் எழுப்பினான். ஒரு விபுலாநந்தரைக் காட்டி, "பாருங்கள், பரீட்சை எல்லோருக்கும் பொது" என்று சொன்னவர்கள் உண்டு. ஆயிரம் இறாலில் ஒன்று வலைக்கண்ணில் தப்பினால் வலையில் ஓட்டை என்றா அர்த்தம்?

1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டுவந்தார். பிறகு தாய்மொழியிலேயே படிக்கலாம் என்றார்கள். நல்ல காலம் பிறந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். சிங்களப் பிள்ளை சிங்களத்தில் பௌதிகம் படித்தது, தமிழ்ப் பிள்ளை தமிழில் படித்தது. ஒரே கேள்வி, இரண்டு மொழி. இரண்டு மொழி என்றால் இரண்டு கட்டு விடைத்தாள். இரண்டு கட்டு இருந்தால் ஒன்றை மற்றதோடு வைத்துப் பார்க்கிற கை சும்மா இருக்குமா?

1969 இல் கணக்குப் பார்த்தபோது, சனத்தொகையில் 7 வீதமாயிருந்த வட மாகாணம் விஞ்ஞான பீடங்களுக்கு 27.5 வீதம் பிள்ளைகளை அனுப்பியிருந்தது. தமிழ்த் திருத்துநர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளியை அள்ளிப் போடுகிறார்கள் என்று கதை கிளம்பியது. நான் படித்த தமிழ் வாத்திமாரை வைத்துச் சொல்கிறேன், இது நடக்கவே முடியாத காரியம். ஒரு புள்ளி கூடப் போட்டால் தன் காணியில் ஒரு பரப்பு குறைந்துவிடும் என்று நம்பிய மனிதர்கள் அவர்கள். கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ஆதாரம் இல்லாத கதைக்குத்தானே கால் முளைக்கும்.

1970 இல் சிறிமாவோ ஆட்சி, கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். 1971 அனுமதிக்கு வெட்டுப்புள்ளி இப்படி வந்தது. மருத்துவத்துக்கு நானூறில் சிங்கள மொழிப் பிள்ளைக்கு 229, தமிழ் மொழிப் பிள்ளைக்கு 250. பேராதனைப் பொறியியலுக்கு 227, 250. கட்டடக்கலைக்கு 180, 194. ஒரே சோதனை, ஒரே நாள், ஒரே கேள்வி. வைத்தியராவதற்கு இடையில் இருபத்தொரு புள்ளி. தமிழில் எழுதினால் உடம்பில் கூடுதலாக இருபத்தொரு எலும்பு இருக்கும், அதையும் படித்துவிட்டு வா என்பதுபோல.

இன்றைக்கு உலகம் முழுவதும் அல்கோரிதம் பாகுபாடு காட்டுகிறது என்று மாநாடு போடுகிறார்கள். ஐயா, உங்களுக்கு ஐம்பது வருடம் பிந்திச் செய்தி கிடைத்திருக்கிறது. கணினியே பார்த்திராத நாட்டில், கையால் கூட்டிக் கழித்து அதை நாங்கள் நடத்திக் காட்டிவிட்டோம்.

1973 இல் அதை விஞ்ஞானமாக்கினார்கள். வெறும் வெட்டுப்புள்ளியை மாற்றினால் அசிங்கமாகத் தெரிகிறது, சூத்திரம் வேண்டும். மொழிக்கு மொழி புள்ளிகளை ஒரு பொது அளவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு மொழியிலும் எத்தனை பேர் சோதனை எழுதினார்களோ அந்த விகிதத்தில் தேறுகிற மாதிரிச் செய்தார்கள். பெயர், தரப்படுத்தல். இறால் வாடியில் வைத்து விளக்குகிறேன். களப்பில் ஒரு வலை, கடலில் ஒரு வலை. முதலாளி இறாலை நிறுக்கமாட்டார். எந்த வலையில் எத்தனை இறால் ஏறியது என்று எண்ணுவார். எண்ணிக்கைக்கு ஏற்றபடி ஒவ்வொரு வலையிலிருந்தும் "முதல் தரம்" என்று எடுத்துக்கொள்வார். பெரிய இறால் கூடையின் அடியில் கிடந்து நாறும். கேட்டால் கணக்குக் கொப்பியைக் காட்டுவார். "பார், நான் எதையும் தொடவில்லை, கணக்குத்தான் சொல்கிறது."

நியாயத்தையும் சொல்லவேண்டும். பின்தங்கிய சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு ஆய்வுகூடம் இல்லை என்பது பொய்யில்லை. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடங்கள் நூறு வருடத்துக்கு மேல் முந்திக்கொண்டு ஓடின என்பதும் பொய்யில்லை. கைகொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆய்வுகூடத்தை எண்ணாமல் மொழியை எண்ணினார்கள். கொழும்புக் கறுவாக்காட்டு மாளிகையில் மின்விசிறிக்குக் கீழே சிங்களத்தில் படித்த பிள்ளைக்கு 229 போதும். வாகரையில் குப்பி விளக்கில் தமிழில் படித்த பிள்ளைக்கு 250 வேண்டும். அமைச்சர் மஹ்மூத் ஒரு முஸ்லிம். தமிழில் படித்த ஓட்டமாவடி முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250தான். சூத்திரத்துக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

என் குடும்பத்தில் இந்தத் தரப்படுத்தலால் பாதிக்கப்பட்டவர் எவரும் இல்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பாதிக்கப்படுவதற்கு முதலில் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுக்கவேண்டும். அதற்குச் சாதாரணதரம் தாண்டவேண்டும். அதற்கு எட்டாம் வகுப்போடு தோணியில் ஏறாமல் இருக்கவேண்டும். என் மாமன்மார் மூன்று பேரும் தோணியில் ஏறிவிட்டார்கள். அநீதி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது வீட்டில் யாரும் இருக்கவில்லை.

மறுகா, 1974. மொழியோடு மாவட்டத்தையும் கணக்கில் எடுத்தார்கள். சனத்தொகைப்படி மாவட்டத்துக்கு இவ்வளவு இடம். யாழ்ப்பாணத்தில் ஒப்பாரி. அந்த ஆண்டு விஞ்ஞான பீடங்களில் வட மாகாணத்தின் பங்கு 7 வீதத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கம்? உண்மையைச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழரும் முஸ்லிமும் முன்பைவிடக் கூடுதலாக உள்ளே போனார்கள். மேடையில் யாழ்ப்பாணத்தாரோடு சேர்ந்து கண்டனம் முழங்கினோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாயாசம் குடித்தோம். தனக்குச் சாய்கிற தராசை யார் பழுதுபார்க்கக் கொடுப்பான்?

பாயாசம் ஆறுவதற்குள் விருந்தாளி வந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் 250 எடுத்தும் கிடைக்காத இடம் மட்டக்களப்பில் குறைந்த புள்ளிக்குக் கிடைக்கிறது என்றால், கெட்டிக்காரப் பிள்ளை எங்கே போவான்? வடக்கிலிருந்து பிள்ளைகள் இடம்பெயர்ந்து வந்து எங்கள் மாவட்டத்திலிருந்து சோதனை எழுதத் தொடங்கினார்கள். மட்டக்களப்புக்குப் போனால் அங்கத்தைய பெண்கள் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்துத் தாய்மார் தலைமுறை தலைமுறையாகப் பயந்த சங்கதி எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாய்மாரே இப்போது பிள்ளையைப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். பாயில் ஒட்டினார்களோ இல்லையோ, பதிவேட்டில் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். எங்கள் மாவட்டத்துக்கென்று வந்த இடத்தில் பாதி மட்டக்களப்பு நகரத்து வக்கீல் வீட்டுக்கும் மீதி விருந்தாளிக்கும் போனதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். பெரியவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் பனிச்சங்கேணிக்கு என்ன வந்தது என்று கேட்டால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பூச்சியத்தில் என்ன செய்ய?

மொழிவாரித் தரப்படுத்தல் 1977 இல் ஆட்சி மாறிய பிறகு போனது. மாவட்டக் கணக்கு மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5. அந்தப் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களின் பட்டியலில் மட்டக்களப்பு இருக்கிறது. பக்கத்திலேயே யாழ்ப்பாணமும் இருக்கிறது. ஒரு போர் வந்து இரண்டு பேரையும் ஒரே வாங்கில் இருத்திவிட்டது. எங்களுக்கு அந்த வாங்கு கதிரவெளிப் பள்ளிக்கூடத்து வாங்கு. 2006 கார்த்திகையில் அங்கே ஒதுங்கியிருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. 2007 தையில் வாகரையே காலி. பிள்ளைகள் அகதி முகாமில். இதற்கெல்லாம் எந்தச் சூத்திரத்திலும் ஒரு கட்டம் கிடையாது.

இசட் புள்ளியையும் விடக்கூடாது. 2001 அளவில் பேராசிரியர் தட்டில் கொண்டுவந்த முறை இது. பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் வேறு என்பதால், உன் புள்ளி சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல முறை, நான் ஆதரவு. ஆனால் நல்ல தராசில்கூட இரண்டு வலையின் மீனையும் கொட்டிக் கலந்த பிறகு நிறுத்தால் என்ன வரும்? 2011 இல் பழைய பாடத்திட்டத்துப் பிள்ளைகளும் புதிய பாடத்திட்டத்துப் பிள்ளைகளும் சோதனை எழுத, இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக அள்ளி இசட் போட்டுவிட்டார்கள். 2012 ஆனியில் உயர் நீதிமன்றம், கொட்டியதைத் திரும்பப் பிரித்து நிறு என்றது. ஒரு நாட்டின் பிள்ளைகள் முழுப்பேரும் அந்த ஆண்டு இறாலைப் போலக் காத்துக்கிடந்தார்கள்.

பிறகு வெள்ளைக்காரனின் முறை வந்தது. 2020 ஆவணியில் இங்கிலாந்தில் பரீட்சை நடத்த முடியாமல், ஓஃப்குவல் என்ற பரீட்சைக் கட்டுப்பாட்டகம் ஒரு சூத்திரத்தைக் கொண்டு பெறுபேறு போட்டது. ஆசிரியர் கொடுத்த தரவரிசையையும் பள்ளிக்கூடத்தின் பழைய பெறுபேற்றையும் கலந்து சூத்திரம் சமைத்ததில், ஏறத்தாழ 40 வீதத் தரங்கள் கீழே விழுந்தன. ஐந்து பேர் படிக்கிற சின்ன வகுப்புக்கு ஆசிரியர் வாக்கே வேதவாக்கு. ஐந்து பேர் வகுப்பு எங்கே இருக்கும்? காசு கட்டுகிற பள்ளிக்கூடத்தில். ஏழைப் பள்ளிக்கூடத்துக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு, போன வருடம் அங்கே கோட்டை விட்டவனின் புள்ளி விழுந்தது. பிள்ளைகள் தெருவில் இறங்கி அல்கோரிதத்தைக் கெட்ட வார்த்தையால் ஏசினார்கள். 13 ஆம் திகதி பெறுபேறு, 17 ஆம் திகதி வாபஸ். நாலு நாள். பிரதமர் ஜோன்சன், அது திரிந்துபோன அல்கோரிதம் என்று கையைக் கழுவினார். பாலைப் பழித்தாரே தவிர உறை ஊற்றிய கையைப் பற்றி மூச்சில்லை. லண்டன் ஹாரோவில் இருக்கிற என் சினேகிதன் அன்று போன் எடுத்தான். மகளின் தரம் இரண்டு படி இறங்கியிருந்தது. "தெரியுமாடா," என்றான், "1971 இல எங்கட அண்ணைக்கு நடந்தது மாதிரியே." அந்தக் குரலில் துக்கத்தோடு கொஞ்சம் அனுபவஸ்தனின் திமிரும் இருந்தது.

மருமகளின் கதைக்கு வருகிறேன். சோதனை முடிந்து மூன்று கிழமையில் மின்னஞ்சல் வந்தது. புள்ளி நல்ல புள்ளி. ஆனால் "பரீட்சை நேரத்தில் ஒளியில் சந்தேகத்துக்கிடமான அசைவுகள்" பதினேழு இடத்தில் பதிவாகியிருக்கிறதாம், விளக்கம் தேவையாம். அம்மாவின் கை நடுங்கிய பதினேழு தடவை அது. பிள்ளை இரண்டு இரவு குந்தியிருந்து, அகராதியைப் புரட்டி, இலக்கணம் பிசகாத இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதினாள். இறால் லைட் என்றால் என்ன, அம்மம்மா என்றால் யார், வெள்ளைச் சீலை எதற்கு. எல்லாம்.

இரண்டு வருடம் கழித்து, 2023 இல், அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கட்டுரையை மனிதன் எழுதினானா எந்திரம் எழுதியதா என்று சொல்கிற ஏழு மென்பொருட்களைச் சோதித்தார்களாம். இங்கிலீசு தாய்மொழி அல்லாதவர்கள் டோபல் சோதனைக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்ததில், சராசரியாக 61 வீதத்தை எந்திரம் எழுதியது என்று அடித்துச் சொல்லியிருக்கின்றன. அமெரிக்கப் பிள்ளைகள் எழுதியதில் அந்தப் பிழை கிட்டத்தட்ட இல்லை. அளந்து அளந்து, தெரிந்த சொல்லாக எடுத்து எழுதுகிறவன் எந்திரமாகத் தெரிகிறானாம். பிழையாக எழுதினால் மொக்கு, சரியாக எழுதினால் மெஷின். நல்லவேளை, மருமகளின் கடிதம் போனது 2021 இல். அதை ஒரு மனிதர் படித்திருக்கவேண்டும். "உங்கள் பாட்டிக்கு எங்கள் வணக்கம்" என்று ஒரு வரிப் பதில் வந்தது, அனுமதியும் வந்தது.

அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அம்மா திண்ணையில் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் கிடக்கட்டும். அந்தச் சீலையில ஓட்ட விழுந்திட்டு. லைட்டுச் சூட்டில பொசுங்கின. அதுக்கு என்னவாம்?"

தம்பி லைட்டைத் தோளில் கொழுவிக்கொண்டு களப்பில் இறங்கிவிட்டான். அன்றைக்கு அமாவாசை, இறால் நல்லாப் பட்ட நாள்.